டிம்மரில் எல்இடி மினுக்கல்: கேட்ட நண்பனுக்கும் மற்றவர்களுக்கும்

ஹாலில் டிம்மர், அதாவது விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், வைக்கலாமா, உன் வீட்டில் எப்படி இருக்கிறது என்று நண்பன் ஒருவன் கேட்டான். "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ வைக்காதே" என்றேன். இதென்ன பதில் என்று பிடித்துக்கொண்டான். வாயால் விளக்கப் போனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதனால் எழுதியே காட்டிவிடுகிறேன்.

என் ஹாலில் ஒரே டிம்மரில் நான்கு விளக்குகள். முன்பு நான்கும் 60 வாட் குண்டு பல்ப். அவை இருந்தவரை டிம்மர் என்று ஒன்று சுவரில் இருப்பதே நினைவுக்கு வராது. திருகினால் குறையும், திருகினால் கூடும், அவ்வளவுதான். அப்புறம் எல்லாரையும் போல எல்இடிக்கு மாறினேன். அட்டைப்பெட்டியில் 'டிம் செய்யலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பல்புகளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 240 வாட் இழுத்த இடத்தில் இப்போது 32 வாட். விளக்குக்குக் கீழே நின்றால் முன்பு அடித்த சூடு இல்லை. முழு வெளிச்சத்திலும் சரி, பாதி வெளிச்சத்திலும் சரி, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருவர் தூங்க, ஒருவர் படிக்க, இரண்டு பேருக்கும் தோதாக ஒரு வெளிச்சம் வைக்க முடிகிறது. இந்த வசதி ஒருமுறை பழகிவிட்டால் சாதாரண ஸ்விட்ச் எரிச்சலூட்டும்.

ஆனால் டிம்மர் வைப்பதே அடிமட்டத்து வெளிச்சத்துக்காகத்தானே? குமிழைக் கடைசிக் கால்வாசிக்குக் கொண்டுபோனதும் மூன்று பல்புகள் துடிக்கத் தொடங்கும். நான்காவது பொசுக்கென்று அணையும். சரி, தொலையட்டும் என்று நாற்காலியில் சாய்ந்ததும் அதுவே திரும்ப எரியும். நிமிர்ந்து பல்பை நேராகப் பார்த்தால் நல்ல பிள்ளையாக நிற்கும். பார்வையைப் புத்தகத்துக்குத் திருப்பினால் ஓரக்கண்ணில் சுவர் முழுக்க நடுங்கும். மினுக்கல் நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வைக்குத்தான் சீக்கிரம் படும். வீட்டில் மற்றவர்கள் "எங்கே மினுக்குகிறது, எனக்குத் தெரியவில்லையே" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்ததற்கு இதுதான் காரணம்.

சரி, போன் கேமராவில் காட்டுவோம் என்று போனால் அது வேறு குழப்பம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண் அதைக் கண்டுகொள்வதில்லை, கேமரா கண்டுகொண்டு திரையில் பட்டை பட்டையாக ஓட்டும். ஒழுங்காக எரிகிற பல்பிலும் லேசாகப் பட்டை வரலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. என் உயிரை எடுத்தது, கண்ணுக்கே தெரிகிற, தாளமில்லாத துடிப்பு.

பல்ப் விற்றவரிடம் கேட்டால் டிம்மர் பழசு என்றார். டிம்மர் பற்றித் தெரிந்தவரிடம் கேட்டால் பல்ப் சரியில்லை என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

பழைய டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச். மின் அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தொடக்கப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் விளக்குக்கு விடும். திறந்த ட்ரையாக் திறந்தே இருக்க வேண்டுமானால் அதன் வழியாகக் குறிப்பிட்ட அளவு மின்னோட்டமாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் அதற்குக் கீழே போனால் பாதியிலேயே மூடிக்கொள்ளும். குண்டு பல்ப் நான்கு இழுத்த இழுப்புக்கு அந்தக் கவலையே இல்லை. என் டிம்மரின் முதுகில் 'குறைந்தபட்சச் சுமை 60 வாட்' என்று பொடி எழுத்தில் இருந்தது. எல்இடி நான்கும் முழுதாக எரிந்தாலே அதில் பாதிதான் தேறும். குறைத்து வைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சுற்றில் திறக்கும், அடுத்ததில் பாதியில் மூடும், அதற்கடுத்ததில் திறக்கவே திறக்காது.

குண்டு பல்பில் இந்தத் தடுமாற்றம் கொஞ்சம் இருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது. அதன் இழை சூட்டில் ஒளிர்வது; மின்சாரம் ஒரு கணம் தவறினாலும் சூடு அதற்குள் ஆறிவிடாது. எல்இடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நியாயமாகப் பார்த்தால் டிம்மரையும் திட்ட முடியாது. ஜோயல் ஸ்பைரா 1959-இல் குறைக்கடத்தி டிம்மரை உருவாக்கியபோது வீட்டுக்கு எல்இடி விளக்கு என்ற பேச்சே இல்லை. திட்ட வேண்டியது, எந்த வகை டிம்மரோடு சேரும் என்று ஒரு வரிகூடப் போடாமல் 'டிம் செய்யலாம்' என்று மட்டும் அச்சடித்தவர்களைத்தான். யாரோடு என்று சொல்லாமல் 'கல்யாணத்துக்குச் சம்மதம்' என்று பத்திரிகை அடித்த மாதிரி.

மினுக்கல் சுமை போதாததால்தானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கில் ஒரு எல்இடியைக் கழற்றிவிட்டு அங்கே பழைய குண்டு பல்பைப் போடுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் சுமை போதவில்லை என்று அர்த்தம். என் வீட்டில் உடனே நின்றது.

ஆனால் முழு வெளிச்சத்திலும் மினுக்கினால், மற்ற அறைகளிலும் விளக்கு ஆடினால், அல்லது ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் பளிச்சென்று ஏறினால், டிம்மரை விட்டுவிடுங்கள். எங்கோ லூஸ் கனெக்‌ஷன். கடைசியாகச் சொன்னது நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) கோளாறாகவே இருக்கலாம். ஸ்விட்ச் போர்டு தொட்டால் சுடுகிறது, கருகல் வாசனை வருகிறது என்றால் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது எரிச்சல்படுகிற விஷயம் இல்லை, பயப்பட வேண்டிய விஷயம்.

கடைசியில் டிம்மரைத்தான் மாற்றினேன். இப்போது இருப்பது அரைச் சுற்றின் வால்பகுதியை வெட்டுகிற வகை, ட்ரையாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர். மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து அலையோடு சேர்ந்து ஏறுவதால் பல்புக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கண்டன்சர் ஒவ்வொரு முறையும் திடீர் அடி வாங்குவதில்லை. முன்பு பல்பிலிருந்து வந்த 'ங்ங்' என்ற ரீங்காரமும் இதனால் அடங்கிவிட்டது. முகப்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் திருகு. குறைந்தபட்ச வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். குமிழை அடிவரை இறக்கி, திருகை மயிரிழை மயிரிழையாக ஏற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் நான்கு பல்பும் ஒன்றுபோல அடங்கும். அங்கேயே விட்டுவிடாமல் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது அடங்கி நிற்கிற பல்ப், அணைந்து எழும்போது தடுமாறும். பல்ப் நன்றாகச் சூடான பிறகும் இன்னொரு தடவை. சில டிம்மர்களில் அந்தத் திருகு தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அப்படியென்றால் மெயினை ஆஃப் செய்யாமல் தகட்டில் கை வைக்காதீர்கள்.

மினுக்கல் நின்றது. ஆனால் முன்பிருந்த அந்த அடிமட்டத்து வெளிச்சம் திரும்பி வரவில்லை. திருகை ஏற்றுவது என்றால் தரையையே உயர்த்துவதுதானே. '10 சதவீதம் வரை குறையும்' என்று பெட்டியில் படித்துவிட்டு ஏமாறாதீர்கள். அது கருவி அளக்கிற 10 சதவீதம். கண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகத் தெரியும். நிறமும் அப்படித்தான். குண்டு பல்ப் மங்க மங்கச் செம்மை ஏறும். சாதாரண எல்இடி குறைந்தாலும் அதே நிறத்தில் நின்று, மேகம் மூடிய பகல் போல அழுது வடியும். குறைக்கும்போது நிறமும் மாறும்படி செய்த எல்இடியும் விற்கிறார்கள். அந்தச் செம்மையை விரும்புகிறவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிச் சமாதானமாகிக்கொண்டிருந்தபோது ஒரு பல்ப் போனது. அதே பெயர், அதே மாடல், அதே வாட், அதே படம் போட்ட பெட்டி பார்த்து வாங்கி மாட்டினேன். அது மட்டும் மினுக்கியது. உள்ளே எல்இடிக்கு மின்சாரத்தைப் பதமாக்கித் தருகிற டிரைவர் சர்க்யூட்டை மாற்றிவிட்டு, வெளியே பெட்டியை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். மறுபடி திருகு, மறுபடி தரையை ஏற்று. இன்னும் மூன்று பல்ப் போக வேண்டியிருக்கிறது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதனால்தான் அவனிடம் வேண்டாம் என்றேன். ஹாலின் மூலையில் தனி ஸ்விட்சில் குறைந்த வாட் பல்ப் ஒன்றைப் போட்டுக்கொள். இரவுக்கு அது போதும், மினுக்காது, திருகும் கிடையாது. கேட்காமல் டிம்மர்தான் வைப்பேன் என்றால், வால்பகுதியை வெட்டும் வகையா என்று கேட்டு வாங்கு. எல்இடிக்கு எத்தனை வாட் தாங்கும் என்ற தனிக் கணக்கைப் பார். குண்டு பல்புக்குப் போட்டிருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து நம்பிவிடாதே. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பல்ப் கூடுதலாக வாங்கி வை.

என்னுடையதைக் கழற்றுவேனா என்று கேட்டான். மாட்டேன். நேற்றுகூட அதே வெளிச்சத்தில்தான் நடுராத்திரி வரை படித்துக்கொண்டிருந்தேன்.