ராஸ்பெர்ரி பை 5: காவேரிப்பட்டணத்தில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தேன்

காவேரிப்பட்டணத்தில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். டேலி, டைப்பிங், டிடிபி, அதோடு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் டியூஷன். 2024 ஜூனில் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ராஸ்பெர்ரி பை 5 என்ற, ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கினேன், 4 ஜிபி மாடல். போர்டு மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம். கூலர், அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்தைத் தொட்டுவிட்டது. மானிட்டரும் கீபோர்டும் சென்டரிலேயே பழசு கிடந்தன.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். கூலர் இல்லாமல் மட்டும் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

1991-ல் நான் தருமபுரியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு க்ரே எக்ஸ்-எம்பி சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்துவிட்டது, அதனால் 1988-ல் சி-டாக் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள், இப்போது நம் சொந்த சூப்பர் கம்ப்யூட்டர் பரம் 8000 வந்துவிட்டது என்று எங்கள் சார் ஒரு பீரியட் முழுக்கப் பேசினார். அன்றைக்கு அதே கம்பெனி முதலில் செய்த க்ரே-1 இயந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டினார். ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி வளைந்த ஆளுயரத் தூண்கள், அடியில் சுற்றிலும் திண்ணை போல மெத்தை வைத்த இருக்கை. இருக்கைக்குள்ளே பவர் சப்ளை. வளைத்துக் கட்டியது அழகுக்காக இல்லை, உள்ளே ஓடும் கம்பிகளைக் குட்டையாக்க. எந்தக் கம்பியும் நாலு அடிக்கு மேல் போகக்கூடாது என்று கணக்குப் பண்ணியிருந்தார் அதை வடிவமைத்த சீமோர் க்ரே. கம்பி நீண்டால் சிக்னல் வந்து சேர நேரமாகும், அந்த அளவுக்கு வேகம் குறையும். கம்பியெல்லாம் ஆள் கையாலேயே கோத்தது.

அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போர்டு கைக்கு வந்ததும் க்ரேவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

க்ரே-1 1976-ல் வந்தது. விலை சுமார் 80 லட்சம் டாலர். எடை சுமார் 5 டன். நம் ஊர் மாங்காய் லோடு அடிக்கும் டாடா ஏஸில் ஏற்றினால் ஆறேழு வண்டி வேண்டும். மின்சாரம் 115 கிலோவாட். கிணற்றடியில் இருக்கும் 5 எச்.பி. மோட்டார் முப்பதை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி. உச்ச வேகம் விநாடிக்கு 16 கோடி தசமக் கணக்கு. மெமரி 8 எம்பி. என் போர்டு உள்ளங்கையில் அடங்குகிறது, ஐம்பது கிராம் கூட வராது. முழு மூச்சாக வேலை வாங்கினாலும் ஒரு சின்ன எல்இடி பல்புக்கு ஆகும் கரண்ட்தான்.

பைத்தான் மொழியில், அணிக்கணக்கை வேகமாகப் போட்டுத்தரும் நம்பை (NumPy) என்ற தொகுப்பைப் போட்டு, 2000 வரிசை 2000 நிரல் உள்ள இரண்டு அணிகளைப் பெருக்கச் சொன்னேன். மொத்தம் 1,600 கோடி கணக்கு. ஏறக்குறைய அரை விநாடியில் முடித்துவிட்டது. உச்ச வேகத்திலேயே ஓடினாலும் க்ரேவுக்கு 100 விநாடி ஆகியிருக்கும். அதுவும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான், ஏனென்றால் அப்படி ஒரே ஒரு அணியை வைக்கவே 32 எம்பி வேண்டும். க்ரேவின் 8 எம்பியில் அது நுழையவே நுழையாது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

வேகத்துக்காக மட்டும் என்றால் இந்த போர்டு தேவையில்லை. பத்தாயிரம் ரூபாய் போனே 1985-ல் வந்த க்ரே-2 இயந்திரத்தைத் தாண்டிவிடும். ஆனால் போனுக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளால் திறந்து பார்க்க முடியாது, இதில் முடியும். அதனால்தான் அடுத்த வாரம் நடந்தது நடந்தது.

ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண், அப்பா மாங்கூழ் ஆலையில் வேலை. அணிப்பெருக்கலைப் பாடப்புத்தகத்தில் படித்தபடியே, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ‘ஃபார்’ லூப் மூன்று போட்டுத் தானே எழுதினாள், நம்பை இல்லாமல். 500-க்கு 500 அணி. ரன் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 22 விநாடி.

“மிஸ், அன்னைக்கு அவ்வளவு பெரிசு அரை செகண்ட்ல வந்துச்சே?”

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். 500-க்கு 500 என்றால் 25 கோடி கணக்கு. 22 விநாடியில் முடிந்தது என்றால் விநாடிக்கு ஒரு கோடியும் கொஞ்சமும். க்ரே-1 இதைச் செய்திருந்தால்? மூன்று அணிக்கும் 6 எம்பி, அதன் மெமரியில் அடங்கிவிடும். அந்த இயந்திரத்தை நன்றாகத் தெரிந்தவர் எழுதிய புரோகிராம் என்றால் இரண்டு விநாடியை ஒட்டி முடிந்திருக்கும். ஆக, அவள் எழுதியபடி ஓட்டினால் 2023-ல் வந்த இந்த போர்டு 1976-ன் க்ரேவிடம் பத்து மடங்கு தோற்றுப்போகிறது! 1964-ல் வந்த சிடிசி 6600 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை மட்டும்தான் ஜெயிக்கும். அது விநாடிக்கு 30 லட்சம்.

ஏன் என்று அவளுக்கு அப்பா வேலை செய்யும் ஆலையை வைத்தே சொன்னேன். ஒவ்வொரு மாம்பழத்துக்கும் சூப்பர்வைசர் வந்து ‘எடு, கழுவு, நறுக்கு’ என்று தனித்தனியாகச் சொன்னால் ஒரு டன் எப்போது முடியும்? பெல்ட்டை ஒரு தடவை ஓடவிட்டால் பழம் தானாக வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். க்ரே-1 அந்த பெல்ட். 64 எண்களை வரிசையாக ரெஜிஸ்டர் என்ற தற்காலிக இடத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டளை. பைத்தான் லூப் அந்த சூப்பர்வைசர். ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, இது என்ன வகை என்று பார்த்து, பிறகுதான் பெருக்கும். நம்பை உள்ளே போனதும் பெல்ட் வேலைதான் நடக்கிறது. இந்த போர்டின் ஏஆர்எம் சிப்பிலும் ஒரு கட்டளைக்கு இரண்டு அல்லது நாலு எண்களைச் சேர்த்துப் பெருக்கும் நியான் என்ற பகுதி இருக்கிறது. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் நாலு கோரும் சேர்ந்து இழுக்கும். லூப் ஓடியபோது ஒரே ஒரு கோர்தான் வேலை செய்தது, மூன்று சும்மா இருந்தன.

இப்போது கூலர் விஷயம். க்ரே-1 இயந்திரத்தைக் குளிரவைக்க ஃப்ரியான் என்ற குளிர்விக்கும் பொருள் ஓடும் குழாய்களைத் தூண்களுக்குள்ளேயே பதித்திருந்தார்கள். சூடு என் குட்டி போர்டையும் விடவில்லை. ஏப்ரல் மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூலரைக் கழற்றிவிட்டு அதே பெருக்கலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே 85 டிகிரி, அதற்கு மேல் ஏறாமல் இருக்கச் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கம்பெனி விற்கும் ஆக்டிவ் கூலரை மாட்டியதும் அந்தத் தொல்லை போச்சு. சில நூறு ரூபாய்தான், யோசிக்காமல் வாங்குங்கள்.

அடாப்டரிலும் ஏமாறாதீர்கள். விற்றவர் சாதாரண போன் சார்ஜரே போதும் என்று ஒன்றைத் தலையில் கட்டினார். இதற்கு வேண்டியது 5 வோல்ட், 5 ஆம்பியர். அது இல்லையென்றால் யுஎஸ்பி பக்கம் போகும் கரண்டைக் குறைத்துவிடும், வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யாது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, காசு போனது போனதுதான்.

மெமரி கார்டுதான் இதில் நொண்டி. ஒருமுறை மத்தியானம் கரண்ட் போய் கார்டே கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். அதிலிருந்து யுபிஎஸ்ஸில்தான் போடுகிறேன். ஹெட்போன் மாட்ட ஓட்டை கிடையாது. மானிட்டருக்கு மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் தனியாக வாங்க வேண்டும். ஆன்-ஆஃப் பட்டன் இதில்தான் முதல்முறையாக வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்ப வசதி.

அந்தப் பெண் விடவில்லை. சித்திரை லீவு முழுக்க வந்தாள். அதே மூன்று லூப்பை சி மொழியில் எழுதினாள், மெதுவாகத்தான் வந்தது. பிறகு உள்ளே இருக்கும் இரண்டு லூப்பை இடம் மாற்றி, எண்கள் மெமரியில் இருக்கும் வரிசைப்படியே எடுக்கும்படி செய்தாள். 0.09 விநாடி. சாக்பீஸ் எடுத்துத் தேதியோடு கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்தாள்: க்ரே-1 2 விநாடி, நான் 0.09. டேலி வகுப்புக்குக் கரும்பலகையை அழிக்கும்போதெல்லாம் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு அழிக்கிறேன்.