வயலின் இல்லாத பிராம்ஸும் ஒரு பிக்கோலோவும்

வூஃபரின் (ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் பகுதி) ஓரத்து ஃபோம் வளையம் உதிர்ந்துபோய், மாற்றி வாங்கி வந்த ஸ்பீக்கரில் வழக்கம்போல ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாவது செரினேடைத்தான் (ஐந்து பகுதிகள் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு; ஏ மேஜர், ஓபஸ் 16) முதலில் போட்டேன். பல வருடமாக என் வீட்டில் எது பழுதாகி வந்தாலும் இதுதான் சோதனை. ஆர்க்கெஸ்ட்ரா இசை கேட்க இதிலிருந்து தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில்தான் இது.

தெரிந்த சங்கதிதான்: இதில் வயலினே கிடையாது. தந்தி வாத்தியங்களில் வயலினைவிடத் தாழ்ந்த குரல்கொண்ட வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும். ஆரம்பத்தில் ஊதுகருவிகளான கிளாரினெட்டும் பசூனும் அவசரமில்லாமல் மெட்டை எடுக்கின்றன. தந்திகள் அடியிலிருந்து தாங்குகின்றன. வேறு படைப்புகளில் வயலினுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும் வயோலாவுக்கு இங்கே மேலே யாருமில்லை. அந்தக் கரகரப்பும் லேசான மூக்கடைப்புக் குரலும் அப்படியே கேட்கும். மூன்றாவதாக வரும் அடாஜியோவில் (மெதுவான பகுதி) கீழே ஒரே சிறு இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்க, மேலே ஊதுகருவிகள் நீளமாகப் பாடும். வூஃபர் கெட்டிருந்தபோது அந்த நடையே காணாமல் போயிருந்தது. இப்போது டபுள் பேஸின் வில் தந்தியைக் கவ்வுவதுகூடத் தெரிகிறது. 1859-ல், 26 வயதில், இப்படி யோசித்திருக்கிறார் மனிதர்!

சரி, இனி என் எரிச்சல். கடைசிப் பகுதியான ரோண்டோவில் (முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம்) பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழல் வருகிறது. நான்கு பகுதிகள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, படம் முடியும் நேரத்தில் முன்வரிசையில் எழுந்து விசிலடிப்பவன் மாதிரி. நியாயமாகப் பார்த்தால் காரணம் புரிகிறது. வயலின் இல்லாததால் உச்சியில் பளபளப்புக்கு ஆள் வேண்டும். புல்லாங்குழலுக்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் கருவியை அழைத்திருக்கிறார். வயலின் கூட்டம் இருந்தால் அதோடு கலந்திருக்கும். இங்கே நடுவில் வெற்றிடம், மேலே அது தனியாக. எது எனக்கு வயோலாவைத் தந்ததோ அதுவேதான் இந்த விசிலையும் தந்தது. புரிந்து என்ன செய்ய, காது கேட்க மாட்டேன் என்கிறது. 1875-ல் திருத்தியபோதாவது எடுத்திருக்கலாம். ஒலிப்பதிவை மாற்றிப் பார்த்தேன், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் அடங்குகிறது, அடாஜியோவும் சேர்ந்து மங்கிவிடுகிறது.

இரண்டாவதாக வரும் ஸ்கெர்ட்சோ என்ற வேகமான பகுதி துள்ளல். நான்காவதான மினுவெட் (நடன வகை) பரவாயில்லை. மொத்தம் அரைமணி நேரம்.

நண்பருக்கு: வேண்டாம். செக் இசையமைப்பாளர் த்வொர்ஷாக் 1878-ல் எழுதிய ஊதுகருவி செரினேடிலிருந்து தொடங்குங்கள். ஒரு செல்லோ, ஒரு டபுள் பேஸ் தவிர எல்லாம் ஊதுகருவி, பிக்கோலோ கிடையாது. பிராம்ஸை நான் கேட்டுக்கொள்கிறேன். இன்று ராத்திரியும் அதுதான், நான்காவது பகுதியோடு நிறுத்திவிடுவேன்.