குதிக்கால் வெடிப்புக்கு தேங்காய் எண்ணெயோ யூரியா கிறீமோ?

சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கத் தொடங்கினா எங்கட பக்கம் கனபேருக்கு குதிக்கால் காஞ்சு தடிச்சு வெடிக்கும், அதிலயும் தோட்டத்துக்குள்ள நிக்கிற ஆக்கள், நல்லூர்த் திருவிழாக்கு வெறுங்காலோட நடக்கிற ஆக்கள் எல்லாம் கேக்கிறது, வீட்டில இருக்கிற எண்ணெய் காணுமோ இல்ல பாமசில யூரியா கிறீம் வாங்கோணுமோ எண்டு.

விலை: எண்ணெய் குசினிக்குள்ளயே இருக்கு. கிறீம் விலை கூட, ஆனா கொஞ்சமாத்தான் பூசுறது.

வேலை செய்யிற விதம்: இதுதான் முக்கியம். எண்ணெய் தோலுக்கு மேல படையா நிண்டு ஈரம் வெளிய போகாம மறிக்கும், தடிச்ச தோலைக் கரைக்காது. கிறீமில இருக்கிற யூரியா தண்ணியை இழுத்து வைச்சிருக்கும், அது 10 வீதம் எண்டா தோலை ஈரமா வைக்கும், 20, 25 வீதம் எண்டா தடிச்ச செத்த தோலையே இளக்கி விடும். வெடிப்புக்குள்ள பட்டா எரியும், ரத்தம் வாற இடத்தில பூசாதேங்கோ.

லேசு: கிறீம் கெதியா ஊறும். எண்ணெயோட சீமெந்து நிலத்தில நடந்தா வழுக்கும், வயசான ஆக்கள் கவனம், சொக்ஸ் போட்டுட்டுப் படுங்கோ.

எதெண்டாலும் கால் கழுவி ஈரம் முழுக்கக் காயமுதல் பூசுங்கோ.

சும்மா காஞ்ச கால், வராமத் தடுக்கிறது எண்டா எண்ணெய் போதும். தடிச்சு மஞ்சளிச்ச குதிக்காலுக்கு யூரியா கிறீம்தான், இளகினாப் பிறகு எண்ணெய்க்கு மாறலாம். நீரிழிவு உள்ள ஆக்கள் முதல் டொக்டரிட்டக் காட்டுங்கோ, பிளேட்டால மட்டும் சீவிப்போடாதேங்கோ.