எட்டர்னலா, ஸ்விக்கியா? என் பணம் எந்தப் பக்கம், ஏன்?

எங்கள் தெருமுனையில் பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது பாதி இறக்கிய ஷட்டர். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு பைக் நிற்கும். டார்க் ஸ்டோர் என்பது அதுதான். கறிவேப்பிலையிலிருந்து போன் சார்ஜர் வரை அங்கிருந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் பணம் போட நினைத்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு பங்குகள்: பழைய சொமேட்டோவான எட்டர்னல், அப்புறம் ஸ்விக்கி. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் பத்து ரூபாய் போட்டால் எட்டு ரூபாய் எட்டர்னலுக்குத்தான்.

சாப்பாடு டெலிவரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மளிகைக்கு எட்டர்னலிடம் பிளிங்கிட், ஸ்விக்கியிடம் இன்ஸ்டாமார்ட். எல்லாம் ஒரே ஆப்பில் கிடைப்பது ஸ்விக்கியின் வசதி.

நான் பார்ப்பது, அடுத்தவரிடம் கை நீட்டாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை. ஒரு டார்க் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து வாடகை, ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். ஆர்டர் நிரம்பப் பல மாதம் ஆகும். அதுவரை பணம் போய்க்கொண்டே இருக்கும்.

2021 ஜூலையில் சொமேட்டோ ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு விற்பனை, 9,375 கோடி ரூபாய். அதில் 9,000 கோடி நேராகக் கம்பெனிக்கே போனது. 2024 நவம்பரில் ஸ்விக்கி ஐபிஓ 11,327 கோடி என்று பெரிதாகத் தெரிந்தாலும், கம்பெனிக்கு வந்தது 4,499 கோடிதான். மீதி, பழைய முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்ட பணம். 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் எட்டர்னலின் லாபம் 25 கோடி. அது முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் இருந்த 253 கோடியிலிருந்து சரிந்தது, மறைக்க வேண்டியதில்லை. அதே காலாண்டில் ஸ்விக்கியின் நஷ்டம் 1,197 கோடி.

நஷ்டம் தொடர்ந்தால் பெரும்பாலும் புதுப் பங்கு விற்றுத்தான் பணம் திரட்ட வேண்டிவரும். அப்படி விற்கும்போது கம்பெனியில் நம் பங்கின் விகிதம் சுருங்கும். சொமேட்டோவும் 2024 நவம்பரில் 8,500 கோடி திரட்டியதே என்று கேட்கலாம். திரட்டியது, ஆனால் பங்கு 252 ரூபாய்க்கு மேல் விற்றபோது. ஐபிஓ விலை வெறும் 76. விலை ஏறியிருக்கும்போது விற்றால் குறைந்த பங்கைக் கொடுத்தே வேண்டிய பணத்தைத் திரட்டிவிடலாம். இறங்கிய நேரத்தில் கை நீட்டும் கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டார் கட்டுப்பாட்டில் உள்ள ஆன்லைன் நிறுவனம் சரக்கைத் தானே வாங்கி வைத்து விற்க நம் நாட்டு விதிகள் விடுவதில்லை. எட்டர்னல் 2025இல் வெளிநாட்டுப் பங்கை 49.5 சதவீதத்துக்குள் நிறுத்தி அந்தக் கதவைத் திறந்துகொண்டது. நேரடியாகக் கொள்முதல் செய்தால் மார்ஜின், அதாவது விற்பனையில் மிஞ்சும் லாபம், கூடும் என்று நம்புகிறேன்.

2022இல் சொமேட்டோ ஐம்பதுக்குக் கீழே போனபோது வாங்கியவன் நான். அந்த இறக்கத்தையும் பிறகு வந்த ஏற்றத்தையும் கூடவே இருந்து பார்த்தேன். ஸ்விக்கியை வைத்திருப்பது அதைவிடக் குறைந்த காலம், அதனால் அதைப் பற்றி அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். புதுப் பங்கு விற்காமலே இன்ஸ்டாமார்ட்டின் நஷ்டம் தொடர்ந்து நாலு காலாண்டு குறைந்தால், அந்த எட்டு ரூபாயில் இரண்டை ஸ்விக்கிக்கு மாற்றிவிடுவேன்.