டிபிஏ அடுத்து எதைக் கற்பது? போஸ்ட்கிரெஸ் பற்றி ஒரு மதிப்பீடு

ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்களில் சில ஆண்டுகள் ஓட்டிய டிபிஏவின் (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) முன்னால் கிளவுட், பைத்தான், குபர்னெட்டிஸ், மாங்கோடிபி, வெக்டர் டேட்டாபேஸ் என்று பெரிய பட்டியலே கிடக்கிறது. முதலில் கைவைக்க வேண்டியது போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸில்தான். லைசென்ஸ் செலவு இல்லை என்பது அதற்குக் கடைசிக் காரணம். லாக், இண்டெக்ஸ், எக்ஸிகியூஷன் பிளான், பேக்கப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி இங்கே அப்படியே செல்லும். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே இதைத் தங்கள் கிளவுடில் தருவதால் அந்தப் பாடத்திலும் கொஞ்சம் சேர்ந்தே வந்துவிடும். பழைய அறிவு செல்லாத இடங்கள் சில உண்டு. அடி விழுவது அங்கேதான்.

முதல் இடம் வேக்யூம். ஆரக்கிளில் ஒரு வரியை அப்டேட் செய்தால் பழைய விவரம் அன்டூ என்ற தனி இடத்துக்குப் போகும். போஸ்ட்கிரெஸில் பழைய வரி டேபிளிலேயே கிடக்கும். மாறிய வரி புதிதாக எழுதப்படும். இப்படிச் செத்த பழைய வரிகளைத் துப்புரவு செய்வது வேக்யூம்; அதைத் தானாக ஓட்டுவது ஆட்டோவேக்யூம். டீஃபால்ட் அமைப்பில், 50 வரிகளும் அதற்கு மேல் டேபிளின் 20 சதவீதமும் செத்த பிறகுதான் அது கிளம்பும். சின்ன டேபிளுக்கு இது போதும். 5 கோடி வரி உள்ள டேபிளிலோ 1 கோடி வரி செத்துக் குவியும் வரை அசையாது. அதற்குள் டேபிளும் இண்டெக்ஸும் உப்பிவிடும். அடிக்கடி மாறும் பெரிய டேபிள்களுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் வழியாக ஸ்கேல் ஃபேக்டரை (அந்த 20 சதவீதம்) 0.2இலிருந்து 0.01க்கு இறக்குங்கள்.

டிஸ்க்கின் வேகத்தைத் தின்கிறது என்று ஆட்டோவேக்யூமையே நிறுத்திவைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட்தான். சுமார் 200 கோடியில் சுற்று முடிந்துவிடும்; அதற்குள் பழைய எண்களைக் கழித்துவைப்பதும் வேக்யூம்தான். டேபிளின் வயது (அதில் உள்ள மிகப் பழைய எண்ணுக்குப் பிறகு கடந்த டிரான்சாக்‌ஷன்கள்) 20 கோடியைத் தாண்டினால், நிறுத்தி வைத்திருந்தாலும் வேக்யூம் கட்டாயமாகக் கிளம்பும் (நீங்கள் விரும்பும் நேரத்தில் அல்ல என்று சொல்லத் தேவையில்லை). அதையும் முடிக்க விடாமல் கொன்றுகொண்டே இருந்தால், எல்லை நெருங்கும்போது சர்வர் எழுதுவதையே மறுத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்ப்பது எளிது. வரிசையாக எண்களைத் தரும் ஜெனரேட் சீரிஸ் கொண்டு 1 கோடி வரியில் ஒரு டேபிள் செய்து, அதற்கு மட்டும் ஆட்டோவேக்யூமை நிறுத்தி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வரிகளையும் ஒரே கட்டளையில் அப்டேட் செய்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாதாரண வேக்யூம் ஓட்டினால் அளவு அநேகமாகக் குறையாது. ஆனால் மறுபடி அப்டேட் செய்தால் காலியான இடமே பயன்பட்டு, டேபிள் பெரிதாக வளராது. வேக்யூம் ஃபுல் சுருக்கித் தரும். ஆனால் முடியும் வரை டேபிளைப் படிக்கக்கூட முடியாது, புதிய நகலுக்கு டிஸ்க்கில் தனி இடமும் வேண்டும். வேக்யூம் ஓடியும் செத்த வரிகள் குறையவில்லையா? எழுதிவிட்டு கமிட் செய்யாமல் கிடக்கும் செஷன், மணிக்கணக்கில் ஓடும் ரிப்போர்ட், கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை பெற்றது என்ற குறிப்பு) ஆகியவற்றைத் தேடுங்கள். ஸ்லாட், மாற்றங்களைப் பதியும் டபிள்யூஏஎல் கோப்புகளையும் பிடித்துவைத்து டிஸ்க்கை நிரப்பும். அதற்கு வரம்பு வைக்கும் வசதி 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் டீஃபால்டில் வரம்பு கிடையாது.

இரண்டாவது, கனெக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி பிராசஸ். டீஃபால்ட் வரம்பு 100. அப்ளிகேஷன் கேட்கிறது என்று 2000 ஆக்குவது தீர்வல்ல. சில கனெக்‌ஷன்களையே பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் மோடில் முன்னால் வையுங்கள். செஷன் அளவிலான செட், லிசன் போன்ற கட்டளைகள் அந்த மோடில் ஒழுங்காக வேலை செய்யாது என்பதை டெவலப்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதிகம் பேசப்படாத பொறி ஒன்று: லினக்ஸை மாற்றும்போது ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28ஐத் தாண்டினால் எழுத்துகளின் வரிசை விதி மாறும். டேட்டா டைரக்டரியை அப்படியே புதிய ஓஎஸ்ஸில் ஏற்றினால் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருக்கும். வரி டேபிளில் இருந்தும் இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் கிடைக்காமல் போகலாம், மதிப்பு திரும்ப வரக் கூடாத யூனிக் நெடுவரிசையில் இரட்டைப் பதிவும் நுழையலாம். அந்த இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்த பிறகே பயனர்களை உள்ளே விடுங்கள்.

ஆரக்கிளிலிருந்து மாற்றுவதற்கு ஓரா2பிஜி என்ற கருவி நல்ல தொடக்கம், அதற்கு மேல் இல்லை. ஆரக்கிளுக்கு வெற்று ஸ்ட்ரிங்கும் நல்லும் (NULL, மதிப்பே இல்லாமை) ஒன்று, இங்கே வேறு வேறு. ஆரக்கிளின் டேட் டைப்பில் மணி நிமிடம் இருக்கும், இங்கே தேதி மட்டுமே; டைம்ஸ்டாம்ப் ஆக்காவிட்டால் நேரம் தொலையும். புரொசீஜர்களைத் தொகுத்துவைக்கும் பேக்கேஜ் என்ற அமைப்பே இங்கே கிடையாது.

குறைகளும் உண்டு. எக்ஸிகியூஷன் பிளானைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசருக்கு ஹிண்ட் கொடுக்கும் வழி உள்ளே இல்லை, தனி எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். சர்வர் விழுந்தால் தானாக மாற்று சர்வருக்குத் தாவும் ஃபெயில்ஓவரும் உள்ளே இல்லை. பட்ரோனி, எட்சிடி என்று வெளியிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டும், அதைக் கற்பதே தனி வேலை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவுதான். 2025இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து பதிப்பை மாற்றும் பிஜி அப்கிரேட் கருவி, பிளானுக்குத் தேவையான புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியைக் கூடவே கொண்டுவருகிறது. அதற்கு முந்தைய பதிப்புக்கு மாறினால், முடிந்ததும் அவற்றைத் திரட்டும் அனலைஸை ஓட்டாவிட்டால் பிளான்கள் தாறுமாறாகும்.

மற்றவை? பைத்தானும் சர்வர் வேலைகளைத் தானியங்கியாக்கும் ஆன்சிபிளும் இதோடு சேர்த்தே படிக்கலாம். மேலே சொன்ன சோதனைகளைக் கையால் இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறைக்கு அவை தேவைப்படும். வெக்டர் தேடலுக்கு முதலில் பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷனும், ஜேசானுக்கு ஜேசான்பி டைப்பும் போதுமா என்று பாருங்கள். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ், பேக்கப்பிலிருந்து குறித்த நிமிடத்துக்கு ரெஸ்டோர் செய்யத் தடுமாறாதவர்களுக்கு. ஆரக்கிளில்கூட அந்த ரெஸ்டோரைச் செய்து பார்த்திராதவர்கள் போஸ்ட்கிரெஸையும் இப்போதைக்கு ஒத்திவைத்து, அதை முதலில் பழகட்டும்.