மூட்டுக்குள்ள சுத்துற துண்டு: விட்டு வைக்கலாமா, எடுத்துடலாமா?

ஸ்கேன்ல மூட்டுக்குள்ள குருத்தெலும்போ எலும்போ உடைஞ்சு ஒரு துண்டு மிதக்குதுன்னு சொன்னதும் நிறைய பேர் குழம்புறாங்க. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அது சும்மா கிடக்குற கல்லு இல்ல. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, மூட்டுல இருக்குற திரவத்துலயே அதுக்கு சாப்பாடு கிடைச்சுடுது, அதனால உடைஞ்சு தனியா மிதந்தாலும் மேல மேல அடுக்கு சேர்ந்து வளரும், நடுவுல சுண்ணாம்பு படியும். கூட ஒட்டி வந்த எலும்பு ரத்தம் இல்லாம செத்துடும். மூட்டு உறையில (மூட்டோட உள்பக்கம் இருக்குற சவ்வு) போய் ஒட்டிக்கிட்டா மட்டும் அந்தத் துண்டு வளராம கரையவும் வாய்ப்பு இருக்கு.

வலி, லாக் ஆகுறது (மடக்கவோ நீட்டவோ முடியாம மூட்டு மாட்டிக்கிறது)
விட்டா: ஒரு ஓரமா ஒதுங்கி இருந்தா தொந்தரவே தராது, நகர்ந்தா திடீர்னு மாட்டிக்கும்.
எடுத்தா: மாட்டிக்கிறது பெரும்பாலும் நின்னுடும்.

மூட்டோட ஆயுசு
விட்டா: நடுவுல சிக்குற துண்டு நல்ல குருத்தெலும்பையும் உரசித் தேய்ச்சுடும், எனக்கு பெரிய பயமே இதுதான்.
எடுத்தா: உரசல் நிக்கும், ஆனா ஏற்கனவே வந்த தேய்மானம் திரும்பாது.

சிரமம்
விட்டா: ஒண்ணும் இல்ல, அப்பப்போ செக்கப். வெறும் குருத்தெலும்புன்னா எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ வேணும்.
எடுத்தா: சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பார்த்து எடுக்குற ஆர்த்ராஸ்கோப்பி, அப்புறம் பிசியோ.

தொந்தரவே இல்லாதவங்க பொறுக்கலாம். முட்டியோ முழங்கையோ அடிக்கடி லாக் ஆகுதுன்னா தள்ளிப் போடாம ஆர்த்தோ டாக்டரைப் பார்த்து எடுத்துடுங்க. உறையே துண்டு துண்டா உற்பத்தி பண்ற வியாதின்னா மட்டும் எடுத்தாலும் திரும்ப வரலாம், அதை முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.