இரண்டு கோழிக் கூட்டம், ஒரே நிலம்: வேலியா, முறைவைத்துத் திறப்பதா, எதிரெதிர் மூலையா?

ஒரே நிலத்தில் இரண்டு கோழிக் கூட்டங்களைக் கலக்காமல் மேயவிடுவதற்கு மூன்று வழிகள் உண்டு: கொட்டில்களை எதிரெதிர் மூலைகளில் வைத்துவிட்டு மற்றதைக் கோழிகளின் போக்கில் விடுவது, ஒரே மேய்ச்சல் பரப்பில் முறைவைத்துத் திறந்துவிடுவது, நடுவே வேலி போடுவது. சண்டைக்காகப் பிரிக்கிறோமா, இனக்கலப்புக்காகவா, நோய்க்காகவா என்று முதலில் தெளிந்துகொள்ளாமல் இவற்றுள் ஒன்றைத் தேர்வது வீண் செலவில்தான் முடியும்.

எதிரெதிர் மூலை என்பது செலவே இல்லாத வழி. கோழி தான் இரவில் அடையும் இடத்தை விட்டு வெகுதூரம் போக விரும்பாது. புதிய கொட்டிலில் ஒரு வாரம் அடைத்து வைத்துப் பழக்கினால், பொழுது சாயும்போது தானாகவே அங்கு வந்துவிடும். இடம் தாராளமாக இருந்து, தீவனமும் தண்ணீரும் நிழலும் அந்தந்த மூலையிலேயே கிடைத்தால், இரண்டு கூட்டங்களும் பெரும்பாலும் தத்தம் பக்கத்திலேயே மேயும். நடுவில் ஒரு குப்பைமேடு இருந்தால் போதும், அந்த எல்லை அன்றே அழிந்துவிடும். நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரூப்-எப்பே 1920களில் விவரித்த கொத்துவரிசை, அதாவது எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்ற படிநிலை, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் அமைதியைக் காக்கிறதே தவிர, அந்த வரிசையில் இடமில்லாத அயல்கோழியை அது காப்பதில்லை. மேலும், பெட்டைகள் அடுத்த சேவலிடம் போவதைத் தடுக்க இங்கே எதுவும் இல்லை.

முறைவைத்துத் திறப்பதைப் பலர் சோம்பேறி வழி என்று ஒதுக்குகிறார்கள்; என் கணக்கில் சிறிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சேவல்கள் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை என்பதால், கதவுகளைக் குழப்பாத வரை இனத்தூய்மையும் காக்கப்படுகிறது. பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால், நன்றாக இடும் கூட்டத்தைப் பிற்பகலில் திறப்பது நல்லது. இல்லையென்றால் புதருக்குள் முட்டை தேடி அலைய நேரும். முதல் கூட்டத்தை வெயில் இருக்கும்போதே உள்ளே அழைப்பதுதான் சிரமம். தினமும் ஒரே டப்பாவில் தானியத்தைக் குலுக்கிப் பழக்கினால் சில நாட்களில் அந்த ஓசைக்கே ஓடிவரும். ஆனால் நோய்க்கு இது தடுப்பே அல்ல. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைந்து, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு கூட்டம் விட்டுச்சென்றதை அடுத்தடுத்த நாட்களில் மற்றது கொத்தித் தின்னும்.

வேலியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கனத்த உடல் கொண்ட இனங்களை நான்கடி வேலி பெரும்பாலும் தடுத்துவிடும். மெலிந்த, இலகுவான இனங்கள் ஆறடியையும் தாண்டும். ஒரு பக்க இறக்கையின் முதன்மை இறகுகளை, அதாவது நுனிப்பக்கத்து நீண்ட இறகுகளை, மட்டும் கத்தரித்தால் சமநிலை தவறி எழும்ப முடியாது. ஆனால் இறகு உதிர்ந்து மீண்டும் முளைத்ததும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். வேலியின் உச்சியில் அகலமான மரச்சட்டம் வைக்கவே கூடாது, அது கோழிக்கு ஏறி அமரும் கிளையாகிவிடும். நான் முதலில் வெறும் கம்பிவலையைத்தான் கட்டினேன். இரண்டு சேவல்களும் மேய்ச்சலை மறந்து நாள் முழுக்க வலையோரம் நின்று மோதின; ஒன்றின் கொண்டை கிழிந்து கழுத்துவரை இரத்தம் வடிந்திருந்தது. அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்குத் தகரம் வைத்து மறைத்த பிறகே ஓய்ந்தது. நோய்க்காகப் பிரிப்பவருக்கு ஒற்றை வேலி போதாது; இரண்டு வேலிகளும் இடையே நடைபாதையும் தனித்தனிச் செருப்பும் வாளியும் வேண்டும், அப்போதும் சிட்டுக்குருவி இரண்டு பக்கத் தீவனத்தையும் தின்றுவிட்டுத்தான் போகும்.

அடைவைக்கும் முட்டை தேவையில்லாதவர் முறைவைத்தே சமாளிக்கலாம். இரண்டு இனங்களைப் பெருக்குபவர், ஒருமுறை கதவு குழம்பினாலும் இனம் கலந்துவிடும் என்பதால், வேலிக்குச் செலவிட்டுத்தான் ஆக வேண்டும். சேவலின் விந்தைப் பெட்டை தன் உடலில் இரண்டு, மூன்று வாரங்கள் சேமித்து வைத்திருக்கும் என்பதால், ஒரு பிற்பகல் அயல்சேவல் வேலி தாண்டி வந்திருந்தாலும், அன்றிலிருந்து ஒரு மாத முட்டைகளைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு இடுபவற்றை மட்டுமே அடைக்கு எடுக்க வேண்டும்.